திங்கட்கிழமை நோயாளி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும், வயசான பிறகு கற்றது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் இரண்டரை வருஷம். அதிலும் பாதி நாள் தம்பிக்குத் தொட்டில் ஆட்டியே போய்விட்டது. எண் மட்டும் எப்படியோ கைக்கு வசப்பட்டுவிட்டது. ஆகவே எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணில் பிழை இருந்தால் அது அச்சடித்தவர் தப்பு.

என் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருக்கும் வசந்தி, ஆயர் குரோவில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். ஆஸ்பத்திரிகளுக்குக் கம்ப்யூட்டரில் நோயாளிகளின் பதிவுகளை அமைத்துக் கொடுக்கும் கம்பெனி. இல்லாத நோயாளிகளை உண்டாக்குவதுதான் அவள் வேலை. ஒரு ஆளுக்குப் பெயர் வைத்து, கவுண்டரில் பதிந்து, ரத்தம் பார்த்து, மருந்து கொடுத்து, வீட்டுக்கு அனுப்புகிற வரைக்கும் மெஷின் தானே செய்து பார்க்குமாம். ஒரு இடத்தில் எழுதியது அடுத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததென்றால் பச்சை. சேராவிட்டால் சிவப்பு. ஒரே நாளில் ஆயிரம் பேரைக்கூட இப்படி நடக்கவிடலாம் என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு தோசை சாப்பிட வந்தாள்.

"எங்க ஆபீஸ்ல எல்லாம் பச்சை, ஆண்ட்டி. ஆஸ்பத்திரியில கொண்டு போய் வச்சா மொத நாளே சிக்கிக்கிச்சு."

"ஒன் நோயாளிங்க ரொம்ப நல்லவங்களா இருப்பாங்க."

"என்னது?"

"கேட்ட கேள்விக்கெல்லாம் நேரா பதில் சொல்றவங்கதானே?"

அவள் தோசையைப் பிய்க்காமல் என்னையே பார்த்தாள். "இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மெர்டேக்காவுக்கு முன்னாலயே நான் பார்த்த வேலை இது. மெஷின் இல்லாம."

உடனே அவர்கள் கம்பெனி மலருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லி உயிரை எடுத்துவிட்டாள். இதோ எழுதுகிறேன்.

நான் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமாகி காஜா பெராங்குக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் கண்டக்டர். நாலைந்து தோட்டங்கள் சேர்ந்து நடத்திய ஆஸ்பத்திரி ஒன்று அப்போது எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்தது. இன்றைக்கு அங்கே வரிசை வீடுகள் நிற்கின்றன, அதனால் பெயர் வேண்டாம். பதிவறையைக் கூட்டித் துடைக்கத்தான் என்னை எடுத்தார்கள். ஒரே மாதத்தில் பதிவு எழுதும் கிராணிமாரைவிட வேகமாக நான் கவரை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். காரணம் சுலபம். அவர்கள் பெயரைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கோ படிக்கத் தெரியாது, எண்ணைப் பார்த்தேன், உருவினேன், முடிந்தது.

கவர் என்றால் பழுப்புக் காகித உறை. ஒரு ஆளுக்கு ஒரு கவர். முதல் தடவை வந்த வரிசைப்படி அதற்கு ஒரு எண். அந்த ஆளைப் பற்றி டாக்டர் எழுதியது, மருந்தறை எழுதியது, வார்டு எழுதியது எல்லாத் துண்டும் மாலை நாலு மணிக்குள் அந்தக் கவருக்குள் வந்து சேர வேண்டும். நோயாளி கையில் ஒரு எண் சீட்டு இருக்கும். அதைத் தொலைத்துவிட்டு வந்தால் இழுப்பறையில் பெயர் அட்டையைத் தேடி, அதில் எண்ணைப் பார்த்து, கவரை எடுக்க வேண்டும். ஆம்பிளைக்கு அவன் பெயரில் அட்டை. கல்யாணமான பெண்ணுக்குப் புருஷன் பெயரில், இன்னார் பெண்சாதி என்று.

அலமாரியிலிருந்து கவரை எடுத்தால் அந்த இடத்தில் ஒரு மெல்லிய பலகையைச் சொருகி, கவர் எங்கே போகிறது என்று சாக்கட்டியால் எழுத வேண்டும். எனக்கு எழுத வராது என்பதால் படம் போட்டுக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஊசி அறைக்கு ஊசி, வார்டுக்குக் கட்டில், மருந்தறைக்குப் போத்தல். கடைசியில் படித்த கிராணிமாரும் படம்தான் போட்டார்கள். அதுதான் சீக்கிரம்.

அனுமதி கொடுத்தவர் பெரிய கிராணி செல்லத்துரை ஐயா. சிலோன்காரர். வெள்ளைக் கால்சட்டை, நெற்றியில் கடுகளவு சந்தனம், கையில் எப்போதும் குடை. டவுனில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினால்கூட முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துத்தான் உள்ளே கொடுப்பார். யாரையும் சத்தம் போட்டுத் திட்ட மாட்டார். இரண்டு தடவை இருமுவார். முதல் இருமலில் நாம் என்ன தப்புச் செய்தோம் என்று யோசிக்க வேண்டும். இரண்டாவது இருமலுக்குள் ஒப்புக்கொண்டுவிட வேண்டும்.

திங்கட்கிழமை நோயாளி அவருடைய யோசனை. சனிக்கிழமையே ஒரு தாளில் இல்லாத ஆள் ஒருவரை எழுதி, பெயர், வயது, தோட்டம், வியாதி எல்லாவற்றையும் என்னை மனப்பாடம் செய்யச் சொல்வார். தோட்டத்து லாரியில் வந்து இறங்குகிற நோயாளிகளிடம் விவரம் கேட்டுக் கவுண்டரில் சொல்வது எப்போதும் என் வேலைதான். அதனால் திங்கட்கிழமை அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக இந்த ஆளையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். டாக்டர் வெள்ளைக்காரர். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும், சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். பிறகு கவரைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடப்பேன். ஆள் எங்கே என்று யாராவது கேட்டால், கக்கூஸுக்குப் போயிருக்கிறார் என்பேன். நாலு மணிக்கு ஐயா தாளை விரித்து, வர வேண்டிய துண்டெல்லாம் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகக் குறி போடுவார்.

ஐயா வைத்த பெயர்களைக் கேட்க வேண்டுமே. வேலாயுதபிள்ளை சுந்தரலிங்கம். எங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு பெயர் இருந்தால், காலையில் ஆள் கூப்பிட்டு முடிப்பதற்குள் ரப்பர் மரமெல்லாம் வெட்டிப் பால் எடுத்துவிடலாம்.

"இது தப்புப் பண்ற ஆளுங்களைப் பிடிக்கிற வேலையாங்கய்யா?" என்று ஒரு நாள் கேட்டேன். எனக்குக் கொஞ்சம் மனசு உறுத்தல்.

"இல்லைப் பிள்ளை. நான் ஆக்களைச் சோதிக்கேல்லை. ஆக்களுக்கு நடுவிலை இருக்கிற வெளியைச் சோதிக்கிறன். அங்கைதான் துண்டு விழும். விளங்குதோ?"

விளங்கியது. ஒவ்வொரு அறையும் தன் வேலையைச் சரியாகத்தான் செய்யும். இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடுவில்தான் மனுஷனைத் தொலைப்பார்கள்.

வேலாயுதபிள்ளைக்கு மூத்திரப் பரிசோதனை எழுதிவிட்டார் டாக்டர். ஆளே இல்லை, மூத்திரத்துக்கு எங்கே போவது? நான் குடித்துக்கொண்டிருந்த தே ஓவைக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தேன். பால் இல்லாத தேத்தண்ணீர் ஏறக்குறைய அந்த நிறம்தானே. பரிசோதனை செய்வதும் ஊசி போடுவதும் டிரெசர் ஞானமுத்து. நாலு மணிக்குத் துண்டு வந்தது. ஐயா வாசித்தார். பிறகு எனக்குத் தமிழில் சொன்னார்: "தேத்தண்ணீர். பால் இல்லை. சீனி போதாது."

"அய்யய்யோ. இப்ப என்னங்கய்யா செய்யிறது?"

"என்ன செய்யிறது? துண்டு வந்திட்டுது. கவருக்குள்ளை வையும்."

இன்னொரு தடவை இதே மாதிரி இல்லாத ஆள் ஒருவரை வார்டில் சேர்த்தோம். மூன்று நாள் கழித்துக் கவர் வந்தது. காலை, மத்தியானம், மாலை என்று மூன்று நாளும் காய்ச்சல் பார்த்து ஒழுங்காக எழுதியிருந்தது. உடம்பே இல்லாத ஆளுக்கு அவ்வளவு அருமையான உடம்புச் சூடு. ஐயா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நர்ஸிடம் போனார். இருமவில்லை. "இவர் சுகமாயிருக்கிறார் போலை. நான் ஒருக்கால் பார்க்கலாமோ?" என்றார், அவ்வளவுதான். அந்த நர்ஸம்மா அதற்குப் பிறகு நோயாளியைத் தொடாமல் ஒரு எண்கூட எழுதியதில்லை.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. தப்பு குறைந்தது. பிறகு தப்பே இல்லை. திங்கட்கிழமை தோறும் எல்லாத் துண்டும் வந்தது. ஐயா குடையைச் சுழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தொடங்கினார். மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. வெள்ளைக்கார டாக்டர் கப்பல் ஏறப் பெட்டி கட்டினார். அவர் இடத்துக்கு வந்தவர் நம் நாட்டு டாக்டர், இளவயது, சுறுசுறுப்பு. அவருக்குப் பதிவறையைக் காட்டிக் கொடுக்க ஒரு நாள் குறித்தார்கள். ஐயா அன்றைக்கு இரண்டு தடவை முகச்சவரம் செய்துகொண்டு வந்த மாதிரி இருந்தார்.

அன்றைக்குத்தான் பொன்னம்மா வந்தாள்.

காலில் மரம் வெட்டும் கத்தி பட்டுச் சீழ் வைத்த புண். தோட்டத்துக் கிராணி கொடுத்த கடிதத்தை நேரே கவுண்டரில் நீட்டியிருக்கிறாள். எண் சீட்டைக் கேட்டதற்கு எலி கடித்துவிட்டது என்றிருக்கிறாள். கவுண்டரில் ஹாஷிம். நல்ல மனுஷர், கடைத்தெருவில் பழகிய பசார் தமிழ் தெரிந்த மலாய்க்காரர். கடிதத்தில் புருஷன் பெயர் முனியாண்டி. இழுப்பறையில் தேடினார். முனியாண்டி பெண்சாதி பொன்னம்மா என்று எந்த அட்டையும் இல்லை. புதுக் கவர் போட்டார். டாக்டர் பார்த்து, பென்சிலின் ஊசி என்று எழுதினார். கவரை ஊசி அறைக்குத் தூக்கிப் போனவள் நான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். கவரோ புதுசு, கனமே இல்லை. முகம் பழைய முகம்.

போன தீபாவளி லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று இதே பெண் வார்டில் கிடந்தாள். முகம் பூசணிக்காய் மாதிரி, கண் இரண்டும் கோடு மாதிரி. மூச்சு விசில் அடித்தது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் போனது. பிழைத்ததே பெரிசு என்று நர்ஸம்மா சொன்னார். அவள் கவரில் குறுக்காகச் சிவப்பு மையில் ஒரு பட்டை இழுத்து, உள்ளே எழுதி வைத்ததும் எனக்குத் தெரியும்.

"ஏம்மா, போன தடவை ஊசி போட்டு ஒனக்கு வீங்கிக்கிச்சே, ஞாபகம் இல்லையா?"

"அது ஊசியாலயா? அன்னிக்கிக் கருவாட்டுக் குழம்பு தின்னேன், அதான்" என்றாள் பொன்னம்மா. ஊசிக்குத் தோதாக ரவிக்கைக் கையை ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்தாள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போடாமல் போவது, கல்யாண வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் வருகிற மாதிரி.

உள்ளே போனேன். "டிரெசரே, அந்தப் பொம்பளைக்கு இதைப் போடாதீங்க. ஒத்துக்காது."

ஞானமுத்து கவரைத் திறந்து பார்த்தார். "பேப்பர்ல ஒண்ணும் இல்லையே."

"பேப்பருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"நீ டாக்டரா?"

"இல்ல. கவர் தூக்குறவ."

"அப்ப கவரைத் தூக்கிட்டு வா. அவளுக்கு முன்னால ஆறு பேர் இருக்காங்க. டாக்டர் எழுதினதை நான் ஒன் பேச்சைக் கேட்டு நிறுத்த முடியாது, காத்தாயி. பேப்பர் கொண்டா, நிறுத்துறேன்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். பதிவறைக்குப் போனேன். பெயர் அட்டையைத் தேடிப் பிரயோசனமில்லை. ஹாஷிமே தேடிப் பார்த்துவிட்டார், எனக்குப் படிக்கவும் வராது. ஆனால் எண் வந்த வரிசைதானே? தீபாவளி வாரத்து எண்கள் எனக்குத் தெரியும். என் லீவில் வேலை பார்த்தவர் அந்த வாரத்துக் கவர்களையெல்லாம் தலைகீழாக அடுக்கி வைத்திருந்தார், நான்தான் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். ஆறாயிரத்து நானூற்றுப் பத்தில் தொடங்கி ஒரு முழ நீளம். அதற்குள் சிவப்புப் பட்டை போட்ட கவரை மட்டும் உருவினேன். நாலு இருந்தது. எது அவளுடையது என்று பார்க்க எனக்கு எழுத்து இல்லை. நாலையும் முந்தானையில் சுருட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஐயாவும் புது டாக்டரும். "இந்த அறையை விட்டு ஒரு கவர் போனால், அது எங்கை இருக்கெண்டு ஒரு நிமிஷத்திலை சொல்லுவம்" என்று ஐயா சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் நாலு கவரோடு, ஒரு பலகைகூட வைக்காமல், இரண்டு பேருக்கும் நடுவில் புகுந்து ஓடுகிறேன். பின்னால் ஒரு இருமல் கேட்டது. இரண்டாவதுக்கு நான் நிற்கவில்லை.

ஊசி அறையில் ஆறாவது ஆள் கையைத் தேய்த்துக்கொண்டு எழுந்தார். பொன்னம்மா உட்கார்ந்துவிட்டாள். ஞானமுத்து கையில் மருந்து ஏற்றிய ஊசி. நான் கவர்களை மேஜையில் கொட்டினேன்.

ஒன்று கிழவர் ஒருவருடையது. ஒன்று சீனப் பெண். ஒன்று கைக்குழந்தை. நாலாவதை ஞானமுத்து நிறுத்தி வாசித்தார். "பொன்னம்மா. கோழி பெண்சாதி." நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கோழின்னா யாரும்மா?"

பொன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தலை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்கு மேல் என்ன கையெழுத்து வேண்டும்? ஞானமுத்து ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

வெளியே பெஞ்சில் இருந்த அவள் தோட்டத்துப் பெண்களைக் கேட்டேன். முனியாண்டி தோட்டத்து லயத்து வீட்டில் கோழி வளர்க்கிறானாம். தோட்டத்துச் சம்பளப் பட்டியலான செக்ரோலில்தான் முனியாண்டி. ஊர் வாயில் கோழி. தீபாவளி சமயம் அவள் வந்தபோது புருஷன் பெயர் என்ன என்று ஹாஷிம் கேட்டிருக்கிறார். நம் பெண்கள் அதைச் சொல்வார்களா? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வரிசையில் பின்னால் நின்ற ஒருத்தி, "கோழின்னு எழுதுங்க தம்பி, எல்லாருக்கும் தெரியும்" என்றிருக்கிறாள். ஹாஷிம் எழுதிவிட்டார்.

ஐயாவும் டாக்டரும் என் பின்னாலேயே வந்திருந்தார்கள். ஐயா இரண்டு கவரையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தடித்தது ஒன்று, மெல்லியது ஒன்று. ஒரே பெண். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் பலகை வைக்காமல் ஓடியதை மட்டும் சொல்லி, மற்றதை ஐயா மூடி வைத்திருக்கலாம். அன்றைக்கு அவர் மானம் முழுக்க அந்த மேஜையில்தான் கிடந்தது. அவர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டாக்டர் முகம் மாறியது. என்ன சொன்னீர்கள் என்று மாலையில் கேட்டேன்.

"எங்கடை பதிவு தோத்துப்போச்சுது, இந்தக் காத்தாயி இல்லையெண்டால் ஒரு உயிர் போயிருக்கும் எண்டு சொன்னன்."

நாலு மணிக்கு எல்லாரும் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. "ஒவ்வொரு திங்களும் எல்லாம் சரியாய்த்தானே வந்தது, பிள்ளை. இது எப்பிடித் தப்பினது?"

"ஒங்க நோயாளி ரொம்ப நல்ல மனுஷங்கய்யா. கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிடுவாரு."

"சொன்னது நீர்தானே?"

"நீங்க எழுதிக் கொடுத்த யாரோ ஒருத்தர் பேரு. அதை நான் பாட்டா பாடுவேன். என் வீட்டுக்காரர் பேரைக் கேட்டிருந்தீங்கன்னா நின்னுருப்பேன்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே ஒன்று உறைத்தது. லாரியில் வருகிற பெண்களிடம் நான் ஒரு நாளும் புருஷன் பெயரைக் கேட்டதில்லை. பக்கத்தில் இருப்பவரைத்தான் கேட்பேன், அதுவும் செக்ரோல் பெயராகக் கேட்பேன். அதை ஒரு வேலை என்றே நினைக்கவில்லை. நான் இருந்த நாளெல்லாம் ஓட்டையை நானே அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நான் லீவு போட்ட நான்கு நாளில் அது திறந்துவிட்டது.

ஐயா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உம்மடை அட்டை இஞ்சை இருக்கோ?"

இருந்தது. வேலைக்குச் சேர்ந்த வருஷம் காய்ச்சல் என்று பதிந்தது. என் எண் எனக்குத் தெரியுமே, கவரை எடுத்துக் கொடுத்தேன். ஐயா வாசித்தார். முதல் தடவையாக அவர் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன்.

"காத்தாயி. பஸ் பெண்சாதி."

ஹாஷிம் கேட்டபோது நான் ரோட்டைக் காட்டி, "அவரு பஸ்ல" என்றிருப்பேன் போலிருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை வேலாயுதபிள்ளைக்கு ஓய்வு. நோயாளியாக நானே போனேன். எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்காமல் எங்கள் ஜனம் எப்படியோ அப்படி. புருஷன் பெயர் கேட்டால் தரையைப் பார்ப்பேன். வயசு கேட்டால், ஜப்பான்காரன் வந்தப்போ இடுப்பு உயரம் இருந்தேன் என்பேன். அக்காவுடைய எண் சீட்டை எடுத்துக்கொண்டு போவேன், இரண்டு பேரும் ஒரே வீடுதானே என்று. எனக்குக் கேட்ட கேள்விக்கு, வரிசையில் பின்னால் நிற்பவளைப் பதில் சொல்ல விடுவேன். ஐயா கவுண்டருக்குப் பக்கத்துப் பெஞ்சில் குடையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதினார். அன்று நாலு மணிக்குத் தாளைப் பார்த்தால் ஒரே ரத்தக்களரி, தப்பு என்று அத்தனை சிவப்புக் குறி. ஐயாவுக்கோ அவ்வளவு சந்தோஷம். "இப்பதான் பிள்ளை உண்மையான நோயாளி வந்திருக்கிறார்" என்றார்.

கடைசியில் வழி கிடைத்தது அந்தப் பெஞ்சில்தான். ஹாஷிம் சலித்துப்போய்க் கேட்டார், "அப்படின்னா யார் பேரைத்தான் சொல்லுவீங்க, அக்கா?"

"எங்கம்மா பேரைக் கேளுங்க, ஊருக்கே கேக்கிற மாதிரி சொல்லுவேன்."

ஐயா பேனாவை நிறுத்தினார். அவர் போய்ச் சொன்னதும் புது டாக்டரும் ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து பெண்ணுக்கு அவள் பெயரிலேயே அட்டை, கூடவே அவள் அம்மா பெயர், பிறகு தோட்டம். இழுப்பறை முழுக்கத் திருப்பி எழுத வேண்டியிருந்தது. எழுதி முடிக்கும்வரை ஹாஷிம் என்னைப் பார்த்தாலே விரலை உதறிக் காட்டுவார்.

"ஒரு பேரைச் சொல்லியிருந்தா எனக்கு இந்த வேலை வந்திருக்குமா?"

"பஸ்ஸுன்னு எழுதினது யாரு?" என்பேன். பேச்சு அதோடு நின்றுவிடும்.

அட்டையெல்லாம் மாற்றி, மெர்டேக்காவும் வந்து போன பிறகு ஒரு நாள் பொன்னம்மா மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை மற்றக் காலில் வெட்டு. எண் சீட்டு வழக்கம்போல இல்லை. நான் வேண்டுமென்றே தள்ளி நின்றேன். ஹாஷிம் கேட்டார், அவள் தன் பெயரையும் அம்மா பெயரையும் கணீரென்று சொன்னாள். அவள் பெஞ்சில் போய் உட்காருவதற்குள் கவர் என் கைக்கு வந்துவிட்டது. தடித்த கவர், குறுக்கே சிவப்புப் பட்டை. டாக்டர் பட்டையைப் பார்த்தார், மாத்திரை எழுதினார். ஞானமுத்து புண்ணைக் கழுவிக் கட்டு போட்டு அனுப்பினார்.

பொன்னம்மா மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுருட்டிய ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"என்னாக்கா, ஒங்க ஆஸ்பத்திரி இப்படி ஆயிருச்சு? வந்தவங்களுக்கெல்லாம் ஊசி போடுறாங்க, எனக்கு மட்டும் நாலு மாத்திரையைக் கொடுத்து வெரட்டுறாங்க. நான் மட்டும் என்ன எளப்பமா?"

"சரி, நான் சொல்லி வைக்கிறேன்" என்றேன்.

"சொல்லுங்க. நல்லா ஒறைக்கிற மாதிரி சொல்லுங்க" என்று என்னையும் முறைத்துவிட்டு, லாரியைப் பார்த்து நடந்தாள். காலில் கட்டோடு அவ்வளவு வேகமாக ஒருத்தி நடந்து நான் பார்த்ததில்லை.